சாக்ஸ் ஏன் பாத்ரூம்ல காயுது?

காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க: "என் பொண்ணுக்கு ஒம்பது வயசு. பொறந்ததுல இருந்தே இடது கால் வீக்கம். லிம்ஃபெடிமான்னு சொல்லி டாக்டர் டைட் சாக்ஸ் போடச் சொன்னார். ஒண்ணுதான் இருக்கு, ராத்திரி தொவச்சு பாத்ரூம்ல புடவைக்கு அடியில காயப் போடுறேன், சில நாள் காலைல ஈரமாவே இருக்கு. இப்ப போடவே மாட்டேன்னு அழறா. போன வருஷம் ரெண்டு தடவ கால் செவந்து குளுர் ஜுரம் வந்துச்சு. மாமியார் நான் கிரகணத்துல வெளிய போனதாலன்னு சொல்றாங்க. ஸ்கூல்ல ஓட விடலாமா? நாளைக்கு கல்யாணம் ஆகுமா? தூக்கமே இல்ல."

ஏம்மா, ஒம்பது வயசு புள்ளைக்கு கல்யாணக் கவலையா? அத மூட்ட கட்டி பரண்ல போடுங்க, கிரகணத்தையும் சேத்து. ரத்தக் குழாய் மாதிரியே உடம்புல நிணநீர் ஓடுற குழாயும் இருக்கு, அது பாப்பாவுக்கு அந்தக் கால்ல சரியா உருவாகல, அதான் நீர் தேங்கி வீங்குது, அவ்ளோதான். 1892லயே மில்ராய்னு ஒரு அமெரிக்க டாக்டர் ஒரே குடும்பத்துல தலைமுறை தலைமுறையா இப்படி கால் வீங்குறத எழுதி வச்சார், எந்த கிரகணமும் அத்தன தலைமுறைய தேடிப் புடிச்சிருக்காது.

எனக்கு உறுத்துறது வேற. புடவைக்கு அடியில காயப் போடுறேன்னு போற போக்குல எழுதிட்டீங்க பாருங்க, அது. டைட் சாக்ஸ நேர் வெயில்ல போட்டா எலாஸ்டிக் போயிடும், நெழல்லதான் காயணும், வாஸ்தவம். ஆனா நீங்க வெயிலுக்கு பயந்து உள்ள போடலம்மா, பக்கத்து வீட்டுக்காரிக்கு பயந்து போடுறீங்க, யானைக்கால்னு ஒரு வார்த்த சொல்லிடுவாளோன்னு. யானைக்கால் கொசுவால வர்றது, இது அது இல்ல, அதுவாவே இருந்தாலும் தொட்டா ஒட்டிக்காது.

ஈர சாக்ஸ மாட்டி எட்டு மணி நேரம் ஸ்கூல்ல ஒக்காந்தா வெரல் இடுக்கு ஊறும், சேத்துப்புண் வரும், தோல் வெடிக்கும், கிருமிக்கு அந்த சந்து போதும். அந்த ரெண்டு ஜுரத்துக்கும் அதான் காரணம்னு நான் அடிச்சு சொல்லல, ஆனா டாக்டர்கிட்ட ஈர சாக்ஸ் விஷயத்த சொன்னீங்களா? ஒவ்வொரு தடவ அப்படி செவக்கும்போதும் இருக்கற குழாயும் கெடும், வீக்கம் கூடும். அடுத்து செவந்து சுட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரி, மெடிக்கல்ல ஜுர மாத்திரை வாங்கிப் போட்டு பாக்கற வேலையே வேணாம்.

சரி, புள்ள ஏன் அழறா? உள்பாவாட மாதிரி ஒளிச்சு காய வைக்கற ஒண்ண மாட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி போன்னா எந்தப் புள்ள போகும்? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணியில ஃப்ளோரைடு, பல்லு பழுப்பேறின ஆளு எத்தன பேர், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே அதுக்குத்தான வந்துச்சு. எனக்கும் முன்பல்லு ரெண்டும் கறைதான், கல்யாண ஃபோட்டோல ஈன்னு சிரிச்சிட்டுதான் நிக்கறேன். ஊருக்கே இருந்தா தண்ணி, ஒருத்திக்கு இருந்தா மட்டும் குறையா?

இன்னொண்ணு, இவ்ளோ பெரிய லெட்டர்ல அவங்கப்பா ஒரு வரியில கூட இல்ல. மாமியார் வந்தாச்சு, கிரகணம் வந்தாச்சு, பெத்தவர் எங்க? அவர்கிட்ட சொல்லுங்க, பாப்பாவ கூட்டிட்டுப் போய் மறுபடி கால் அளவு எடுத்து இன்னொரு சாக்ஸ் வாங்கிட்டு வரட்டும், வளர்ற புள்ள, பழைய அளவு நிக்காது. ஒண்ணு கால்ல, ஒண்ணு கொடியில. தொவச்சா முறுக்கிப் பிழியாதீங்க, துண்டுல சுருட்டி அமுக்குங்க. ராத்திரி கால கழுவி பழைய வேட்டித் துணியால ஒவ்வொரு வெரல் இடுக்கா தொடைக்கறது அவங்கப்பா வேலைன்னு வச்சுக்கோங்க, அஞ்சு நிமிஷம்தான், அப்பவே வெடிப்பு இருக்கான்னும் பாத்துடலாம். வெறுங்கால்ல மாட்டுக்கொட்டாய்க்கு கூட விடாதீங்க.

ஓடலாமான்னா, சாக்ஸும் ஷூவும் போட்டு தாராளமா ஓடட்டும், கெண்டைக்கால் சதை அசைஞ்சாதான் தேங்கின நீர் மேல ஏறும். கால் ரொம்ப கனமா இருக்குன்னு அவளே சொன்னா அப்ப ஒக்காரட்டும்.

நாளைக்கு வாசத் திண்ணையில, நெழல் விழற பக்கமா ஒரு கொடி கட்டச் சொல்லுங்க. பக்கத்து வீட்டம்மா வந்து இது என்னன்னு கேட்டா நீங்க வாயத் தொறக்காதீங்க, பாப்பாவ பதில் சொல்ல விடுங்க.