டீசல் ஃபோர் வீல் ஜீப்பில் இன்ஜின் ஃபேனை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

போடலாம், ஆனால் மைலேஜை நம்பிப் போடாதீர்கள். இன்ஜின் ஃபேனைப் பிடித்துச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கிளட்ச் உள்ள வண்டி என்றால், அதிலிருக்கும் சிலிக்கான் ஆயில் சூடு ஏறினால்தான் ஃபேனை இறுக்கிப் பிடிக்கும், மற்ற நேரம் வழுக்கிக்கொண்டுதான் சுற்றும், அதனால் மிச்சமாகும் டீசல் கொஞ்சம்தான்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் அறுபதில் போகும்போது எந்த ஃபேனும் வேண்டாம். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறை பக்கம் எஸ்டேட் ரோட்டில் லோ கியரில் ஏறிப் பாருங்கள், அப்போது தெரியும் ஃபேனின் அருமை. ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடி நிற்கும் கூடு, அதாவது ஷ்ரௌடு, இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள இடத்தில் மட்டும்தான் காற்று இழுக்கும்.

பெரிய ஃபேன் ஒன்றே 20 ஆம்பியர் போல இழுக்கும். இரண்டு ஃபேன் போட்டால் இரண்டுக்கும் தனித்தனி ரிலே, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், அப்புறம் ஆல்டர்னேட்டர் தாங்குமா என்றும் பாருங்கள். நான் மெல்லிய வயர் போட்டு, கனெக்டர் உருகி நாற்றம் வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு லாபம் உண்டு: ஓடையில் இறங்கும் முன் சுவிட்சை அணைத்துவிட்டால் ஃபேன் இதழ் தண்ணீரில் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்காது. பழைய ஃபேனை உடனே ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) போட்டுவிடாதீர்கள்.