கல்லைப் பார்க்கக் கடல் கடக்க வேணுமோ?

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

"வன்னியில் இல்லாத கல்லையோ இவன் இந்தியாவில போய்ப் பார்க்கப் போறான்?" என்று கேட்டிருந்தீர்கள். வாசித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். மகனுக்கு 22 வயது. வவுனியாவில் ஒரு கிரனைட் பட்டறையில் மூன்று வருடமாக பான்ட்ரிக்குக் கல் வெட்டிப் பொருத்துகிறார். இந்தியாவில் குவாரியும் கல் தொழிற்சாலையும் பார்த்துவர எட்டு நாள் தொழிற் பயணம், முதலாளி பாதிக் காசு தருகிறார், மிச்சத்துக்கு உங்கள் காப்பு அடகுக்குப் போக வேண்டும். காப்பு போகிற விஷயம் என்றால் கொஞ்சம் விரிவாகத்தான் கதைக்க வேண்டும்.

வன்னியில் கல்லுக்குக் குறைவில்லை. இலங்கையின் பழைய பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்குப் புவிச்சரிதவியலாளர்கள் வைத்த பெயரே வன்னித் தொகுதி. ஆனால் நம் பக்கத்துக் குவாரிகளில் வெடி வைத்து உடைக்கிற கல் பெரும்பாலும் சல்லியாகி வீதிக்கும் கொங்கிறீட்டுக்கும் போய்விடுகிறது. பலகையாக அறுக்கிற கல்லுக்கு அந்த வெடி ஆகாது. கல்லுக்குள் மயிரிழை போல வெடிப்பு ஓடிவிடும். அதனால் பலகைக்குக் கல் எடுக்கிற குவாரிகளில் வைரமணி கோத்த கம்பியால் வெண்ணெய்க்கட்டி போல அறுத்துப் பெரிய கட்டியாக இறக்குகிறார்கள். உங்கள் மகன் தன் மூன்று வருடத்தில் ஒரு கட்டியையும் பார்த்திருக்க மாட்டார். பளபளவென்று பொலிஷ் பண்ணி வந்த பலகையைத்தான் பார்த்திருப்பார்.

இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். ஒரு பட்டறையில் என் கண் முன்னே நடந்ததைச் சொல்கிறேன். சிங்க் வைக்க ஓட்டை வெட்டிய கறுப்புக் கல்லை இரண்டு பெடியன்கள் தட்டையாகப் பிடித்துத் தூக்கினார்கள். நாலடி போகவில்லை, சிங்க் மூலையில் 'டக்' என்று பிளந்தது. முதலாளி பெடியன்களைத் திட்டினார். திட்டு பாதி சரி, ஓட்டை வெட்டிய கல்லை நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். ஆனால் அந்த மூலையைக் கூராக வெட்டியது யார்? வளைத்து வெட்டியிருந்தால் பாரம் ஓர் இடத்தில் குவியாது. ஓட்டைக்கு முன்னால் இருக்கிற ஒடுங்கிய பட்டியின் அடியில் கம்பி பதித்திருக்கலாம். அதற்கும் முன்னால், அந்தப் பலகையில் ஏற்கெனவே வெடிப்பு இருந்ததா? தொழிற்சாலையில் வெடிப்புள்ள பலகைக்கு ரெசின் என்ற பசையை ஊற்றி நிரப்பி, பின்பக்கம் வலை ஒட்டி அனுப்புவது வழக்கம். அது களவு வேலை இல்லை, ஏற்றுக்கொண்ட முறைதான். ஆனால் அதை ஊற்றுகிற இடத்தில் ஒரு தடவை நின்று பார்த்தவன், பிறகு வாங்கும்போது பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பான். விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பான். மணி போல ஒலித்தால் நல்லது, மொத்தையாகக் கேட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. சிற்பிகள் உளியால் தட்டி ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பதும் ஓசையை வைத்துத்தான்.

இப்படி உடைந்த கல்லிலிருந்து குவாரி வரைக்கும் பின்னோக்கிப் போக முடிந்தால் அந்தப் பயணம் காப்புக்குப் பெறும். வெறுமனே பார்த்துவிட்டு வந்தால் அது சுற்றுலாதான்.

வெளிநாடுகளில் இதை வடிவாகச் செய்கிறார்கள். இத்தாலியின் வெரோனாவில் செப்டெம்பர் வாக்கில் நடக்கும் மார்மோமாக் கற்கண்காட்சியை ஒட்டி, கட்டடக் கலைஞர்களுக்கு வகுப்பும் குவாரிப் பயணமும் சேர்த்து வைப்பார்கள். தொழிலைத் தொடர அவர்கள் காட்ட வேண்டிய கற்றல் மணித்தியாலங்களில் அதுவும் சேர்கிறது. நமக்கு வெரோனா வேண்டாம். பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்கினால் மாமல்லபுரம், கிருஷ்ணகிரிக் கிரனைட் வட்டாரம், அங்கிருந்து பெங்களூர் என்று ஒரே கோட்டில் போய்வரலாம். பெங்களூரில் ஸ்டோனா என்ற பெரிய கற்கண்காட்சி நடக்கும். எட்டு நாளுக்கு அது போதும்.

அதற்கு முன் பஸ் காசில் ஒரு பயணம் இருக்கிறது. மகனை மன்னார் திருக்கேதீஸ்வரத்துக்கு அனுப்புங்கள். இந்திய அரசின் உதவியில், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் கைவண்ணத்தில் கருங்கல் திருப்பணி முடிந்து, 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்த கோயில். கும்பிட்ட பிறகு தூணும் உத்தரமும் சேருகிற பொருத்தை ஒரு மணித்தியாலம் பார்க்கட்டும். அங்கே அவருக்குக் கேள்வி ஒன்றும் எழவில்லை என்றால் காப்பைக் கையிலேயே போட்டிருங்கள்.

முதலாளியிடம் நிரலை எழுத்தில் கேளுங்கள். எந்த நாள், எந்தக் குவாரி, எந்தத் தொழிற்சாலை, உள்ளே விடுவார்களா, கேட்டடியோடு படம் எடுத்துத் திரும்புவதா? முன்பு என்னிடம் வந்த ஒரு பெடியன் யாரோ ஒரு முகவரிடம் காசு கட்டிப் போனான். ஆறு நாளில் இரண்டு நாள் தி.நகர்க் கடைத்தெருவில் போயிற்று. பார்த்த ஒரே கல் சாப்பாட்டுக்கடை ஆட்டுக்கல். விசாவிலும் கவனம். தொழிற்சாலைக்கும் கண்காட்சிக்கும் போவதைச் சொல்லி, எந்த வகை விசா என்று விண்ணப்பிக்க முன்னரே கேட்க வேண்டும்.

சான்றிதழ் தருவார்களாம் என்று எழுதியிருந்தீர்கள். சுவரில் மாட்டலாம், என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைக்கு அது ஈடாகாது. வேலை செய்து கற்றதை மதிப்பிட்டு என்விகியூ தருகிற முறை நம் நாட்டில் உண்டு. திரும்பி வந்ததும் பயிற்சி நிலையத்தில் அவருடைய வேலை எந்தத் தகைமைக்குள் வரும் என்று விசாரிக்கட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, கட்டடத்துறையில் மேலே படிக்க விரும்பினால் அங்கேயும் கேட்கலாம்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது காசு இல்லை. "தலை நரைச்ச மாதிரி மாவோட வாறான்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அதுதான். கிரனைட் மாவில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் இறுகும், பிறகு மருந்தால் திருப்ப முடியாது. சிலிக்கா இன்னும் கூடின செயற்கைக் கல்லை அவுஸ்திரேலியா 2024 ஜூலையில் தடையே செய்துவிட்டது. தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், தூசு வடிக்கிற சரியான முகக்கவசம் போட வேண்டும், லேஞ்சி கட்டினால் போதாது. பயணத்தில் மகன் பார்த்துவர வேண்டியதில் முதலாவது இது: நல்ல தொழிற்சாலையில் தூசை எப்படி அடக்குகிறார்கள் என்று. படம் எடுத்து வந்து முதலாளிக்குக் காட்டட்டும்.

இன்னொன்று, சமையலறைக்கு மாபிள் கேட்டு வருகிற ஆட்களுக்கு ஒரு துண்டில் தேசிக்காய் பிழிந்து காட்டச் சொல்லுங்கள். பிழிந்த இடம் மங்கிவிடும். நம் வீடுகளில் புளியும் தேசிக்காயும் இல்லாத நாள் ஏது? வாய்ப்பேச்சை விட அது கெதியாக வேலை செய்யும்.

காசைக் கட்ட முன் ஒரு வெள்ளிக்கிழமை தம்பியை என்னிடம் அனுப்புங்கள். வரும்போது பட்டறையில் கடைசியாக உடைந்த கல்லில் ஒரு துண்டு கொண்டு வரட்டும். ஏன் உடைந்தது என்று அவர் நினைக்கிறாரோ, அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.