கூரையில் டிஷ், வானில் செய்மதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி): மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சில நாட்கள், நல்ல வெயில் நேரத்தில், எங்கள் டிஷ்ஷில் படம் கட்டங்கட்டமாகச் சிதறுகிறது. மழை இல்லை, காற்றும் இல்லை. செய்மதியில் கோளாறா?

பதில்: செய்மதியும் நலம், டிஷ்ஷும் நலம். அந்த நிமிடங்களில் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியன் வானொலி அலைகளையும் கொட்டுகிறது. 36,000 கிலோமீற்றர் தாண்டி வரும் மெலிந்த சிக்னல் அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகும்.

புவிநிலைச் செய்மதிகள் என்பவை பூமியோடு சேர்ந்து சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிபவை. திருகோணமலை வடக்கு 8.6 பாகையில் இருப்பதால், அவை நமக்கு வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோட்டுக்கு) ஒன்றரைப் பாகை தெற்கே தெரியும். சூரியன் அந்த ஒன்றரைப் பாகைத் தெற்கு நிலையைக் கடப்பது மார்ச் 16, 17ஐ ஒட்டியும் செப்டெம்பர் 26, 27ஐ ஒட்டியும். அதற்கு முன்பின் சில நாட்கள், நாளுக்குச் சில நிமிடம் படம் போகும். கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகைச் செய்மதியைப் பிடிப்பவர்களுக்கு முற்பகல் 11 மணியளவில். கிழக்கு 45 பாகையைப் பிடிப்பவர்களுக்குப் பிற்பகல் 3 மணியளவில்.

அந்த நாளில் யாரையும் கூரையில் ஏற்றாதீர்கள். சரியாக இருக்கும் டிஷ்ஷைத் திருப்பிக் கெடுத்துவிட்டுக் கூலியும் வாங்கிப் போவார்கள். மாறாக, கீழே நின்று நிழலைப் பாருங்கள். அந்த நிமிடத்தில் தென்னோலை நிழல் டிஷ்ஷில் விழுந்தால், வருடம் முழுக்க அந்த ஓலைதான் உங்கள் சிக்னலை மறைக்கிறது. இதைவிட மலிவான சோதனை கிடையாது.

கேள்வி (கிண்ணியா): மாரி தொடங்கினால் படம் போய்விடுகிறது. மழை விட்ட பிறகும் பாதிச் சனல்கள் வருவதில்லை. பெரிய டிஷ் போட்டால் சரியாகுமா?

பதில்: இவை இரண்டு வேறு வியாதிகள். வீட்டு டிஷ்கள் பிடிப்பது 11, 12 கிகாஹேர்ட்ஸை ஒட்டிய கேயூ பட்டை. அந்த அலையை மழைத்துளி உறிஞ்சும், சிதறவும் அடிக்கும். ஆனால் கனத்த மழை நகர்ந்ததும் படம் தானாகத் திரும்ப வேண்டும். 93.5 பாகைச் செய்மதி இங்கிருந்து 72 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே இருக்கிறது. 45 பாகைச் செய்மதியோ மேற்கே 47 பாகை உயரத்தில்தான். அங்கிருந்து சாய்ந்து வரும் அலை மழைக்குள் நெடுந்தூரம் நடக்கிறது, அதனால் சீக்கிரம் அறுகிறது. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷை 90 ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்காகும்; நடுத்தர மழையைத் தாங்கும், அடைமழையை அல்ல.

மழை விட்டும் பாதிச் சனல்கள் வராததற்கு டிஷ்ஷின் அளவு காரணமல்ல, வயர்தான். செட்டொப் பெட்டி, எல்.என்.பி.க்கு (டிஷ்ஷின் முன்னால் நீட்டி நிற்கும், சிக்னலை வாங்கும் கருவிக்கு) ஒரு வகைச் சனல்களுக்கு 13 வோல்ட்டும் மற்ற வகைக்கு 18 வோல்ட்டும் அனுப்புகிறது. இணைப்பில் தண்ணீர் இறங்கி, உப்புக் காற்றும் சேர்ந்தால் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். 18 வோல்ட் முழுதாக மேலே ஏறாது. ஆகவே அந்த வகைச் சனல்கள் மட்டும் மறையும். பச்சை பூத்த நுனியை, உள்ளே செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டி, புதிய கனெக்டர் போடுங்கள். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றுங்கள். வயர் எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடற்கரை வீடுகளில் துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் நிற்கும். கம்பம் செங்குத்தாக நிற்பதும் முக்கியம்: 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறத்தாழ 3 பாகைதான், ஒன்றரைப் பாகை சாய்ந்தாலே சிக்னல் பாதியாகும்.

கேள்வி (மூதூர்): ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் ரொக்கெட்டுகள் நம் தலைக்கு மேலாகவா போகின்றன?

பதில்: இல்லை. ஏவுதளம் நமக்கு வடக்கே 580 கிலோமீற்றரளவில் இருக்கிறது. புவிநிலைச் செய்மதி ரொக்கெட்டுகள் வங்கக்கடல் மேலாகக் கிழக்குத் தென்கிழக்கே போகும். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. என்ற இந்திய ரொக்கெட் தெற்கே போக வேண்டும். நேரே போனால் இலங்கை குறுக்கே நிற்கும். எனவே முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகி, சுமக்கும் எடை குறைகிறது. தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் புதிய தளம் அமைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கேள்வி (திருகோணமலை நகரம்): ரொக்கெட் செய்மதியை நேரே 36,000 கிலோமீற்றரில் கொண்டுபோய் நிறுத்துமா? அது அங்கே அசையாமல் நிற்பது எப்படி?

பதில்: பெரும்பாலும் நேரே நிறுத்துவதில்லை, அசையாமலும் இல்லை. ரொக்கெட் அதை நீள்வட்டப் பாதையில் விடும்: தாழ்ந்த முனை சில நூறு கிலோமீற்றர், உயர்ந்த முனை சுமார் 36,000. உயர்ந்த முனையில் வேகம் செக்கனுக்கு 1.6 கிலோமீற்றரளவுதான், அங்கேயே வட்டமாகச் சுற்ற 3.07 வேண்டும். அந்தக் குறையைச் செய்மதியின் சொந்த இயந்திரம் சில தவணைகளில் எரிந்து நிரப்பும். இந்தியச் செய்மதிகளில் அது 440 நியூட்டன் தள்ளுவிசை கொண்டது. கட்டளை கர்நாடகத்தின் ஹாசனிலிருந்து போகும். ஜிசாட் 6ஏ என்ற இந்தியச் செய்மதி 2018 மார்ச் 29 அன்று பிசகில்லாமல் ஏறி, இரண்டு தடவை சரியாக எரித்தது. மூன்றாவதற்கு முன் தொடர்பு அறுந்தது.

இடத்துக்கு வந்த பிறகும் ஓய்வில்லை. சூரியனும் சந்திரனும் இழுப்பதால் பாதை வருடத்துக்கு முக்கால் பாகைக்கு மேல் சாயும். பூமியின் நடுக்கோடு சரியான வட்டமல்ல என்பதால், நம் பக்கத்துச் செய்மதிகள் கிழக்கு 75 பாகையை நோக்கி மெல்ல வழுக்கும். இரண்டையும் சிறு உந்திகளால் திருத்தி, பத்தில் ஒரு பாகைக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த எரிபொருள்தான் செய்மதியின் ஆயுள், வழக்கமாக 12 முதல் 15 வருடம். கடைசித் துளிகளைச் சேமித்து, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் மேலே தள்ளி அணைத்துவிடுவார்கள்.

கேள்வி (நிலாவெளி): பக்கத்து வீட்டு வானொலியில் விக்கெட் விழுந்து, பிறகுதான் எங்கள் டிவியில் விழுகிறது. தூரம்தான் காரணமா?

பதில்: மேலே போய்த் திரும்ப கால் செக்கன்தான். மிச்சம், படத்தைச் சுருக்கி விரிக்கும் பெட்டிகள் தின்னும் நேரம்.