அமெரிக்கன் கல்லூரி ஃபுட்பாலில் ஒரே சீசனில் அதிக யார்டு ஓடிய சாதனையை ஆஷ்டன் ஜென்டி 27 யார்டில் தவறவிட்டார். அந்தச் சாதனை யாருடையது? அதை வைத்திருப்பவர் கல்லூரியில் எப்படி ஆடினார்?

பேரி சாண்டர்ஸ். 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஒரே சீசனில் 2,628 யார்டு ஓடினார். உயர்மட்டக் கல்லூரி ஃபுட்பாலில் இன்னும் அதை யாரும் தொடவில்லை. 2024இல் பாய்சி ஸ்டேட்டின் ஜென்டி 2,601 வரை வந்து நின்றார்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு: ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கொடுக்கும் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். எத்தனை யார்டு முன்னேறினார் என்பதே அவருடைய கணக்கு.

எனக்கு அந்த எண்ணைவிட அதற்கு முந்தைய இரண்டு வருடங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. சாண்டர்ஸ் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்துப் பையன், உயரம் 5 அடி 8 அங்குலம், பள்ளியிலேயே கடைசி வருடம் சில ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் ரன்னிங் பேக் இடம் கிடைத்தது, அதனால் பெரிய கல்லூரிகள் பெரும்பாலும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குப் போனால் அங்கே அவருக்கு முன்னால் தர்மன் தாமஸ், பின்னாளில் பஃபலோ பில்ஸ் என்ற தொழில்முறை அணியில் புகழ்பெற்ற அதே தாமஸ். 1986, 87 இரண்டு வருடமும் அவருக்கு மாற்று ஆட்டக்காரராக இருந்துகொண்டு கிக்காஃப் பந்துகளை, அதாவது ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைத்து அனுப்பும் பந்துகளை, பிடித்துத் திருப்பி ஓடினார். அதிலும் 87இல் நாட்டிலேயே முதலிடம்.

தாமஸ் போனதும் 88 சீசனின் முதல் ஆட்டத்தில், மயாமி ஒஹையோ அணிக்கு எதிராக, முதல் கிக்காஃபையே 100 யார்டு ஓடி எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் டச் டவுன் ஆக்கினார். அப்புறம் நிற்கவே இல்லை. நான்கு ஆட்டங்களில் 300 யார்டுக்கு மேல், ஓடியே 37 டச் டவுன். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் டெக்சாஸ் டெக்குடன் ஆட டோக்கியோவில் இருந்தார். அந்த ஆட்டத்தில் மட்டும் 332 யார்டு.

இத்தனையும் 11 ஆட்டங்களில். 2002க்கு முன்பு, வழக்கமான சீசன் முடிந்த பிறகு நடக்கும் பவுல் ஆட்டங்களை சீசன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வயோமிங்குக்கு எதிரான ஹாலிடே பவுலில் அவர் ஓடிய 222 யார்டும் 5 டச் டவுனும் அதனால் வெளியே நிற்கின்றன, சேர்த்தால் 2,850. ஜென்டிக்கு 14 ஆட்டம், பந்தோடு 374 முறை ஓட்டம், சாண்டர்ஸுக்கு 344 முறை. ஜென்டியைக் குறைத்துச் சொல்லவில்லை, எதிரணி மொத்தமும் அவரையே குறிவைத்து நின்றது, கடைசி ஆட்டத்தில் பென் ஸ்டேட் அணி 104 யார்டில் மடக்கிவிட்டது. ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த ஹாலிடே பவுலில் கடைசிக் கால் பங்கான நான்காவது குவார்ட்டர் முழுக்க அவர் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். அணி ஜெயித்தாகிவிட்டது, அவருக்கு அது போதும். அடுத்த வருடம் டெட்ராய்ட் லயன்ஸுக்கு ஆடும்போதும் இதே கதை: தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் ஓட்டக் கணக்கில் முதலிடத்துக்கு 10 யார்டு பாக்கி, இன்னொரு முறை உள்ளே போகிறாயா என்று கோச் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டார்.