பிரெஞ்சுக் கவிஞர் விக்தோர் ஹ்யூகோவின் 'நாளை, விடியலில்' காதல் கவிதையா, இரங்கற்பாவா?

இரங்கற்பாதான். ஆனால் முதல் நான்கு வரியைப் படிக்கிற யாரும் காதல் கவிதை என்றுதான் நினைப்பார்கள். "நீ எனக்காகக் காத்திருக்கிறாய், தெரியும், காடு, மலை தாண்டி வருவேன்" என்கிறான் ஒருவன். சரி, காதலியைப் பார்க்கப் போகிறான் போல!

அப்புறம்தான் சந்தேகம் வருகிறது. முதுகு வளைந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நடக்கிறான். பகலும் அவனுக்கு இரவுதான். அந்தி வெயிலின் பொன்னையோ, ஆர்ஃப்ளோர் ஊர்ப் பக்கம் போகும் பாய்மரங்களையோ ஏறிட்டுப் பார்க்கமாட்டானாம். கடைசி இரண்டு வரியில்தான் கல்லறை வருகிறது. மொத்தமே பன்னிரண்டு வரி.

அந்த 'நீ' ஹ்யூகோவின் மகள் லியோபோல்தீன். 1843 செப்டம்பர் 4 அன்று வில்கியே அருகே சேன் நதியில் படகு கவிழ்ந்து கணவரோடு இறந்தாள். வயது 19, மணமாகி ஏழு மாதம்கூட ஆகவில்லை. பயணத்தில் இருந்த ஹ்யூகோ செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

கவிதை 1856இல் வந்த 'லே கோந்தம்ப்லாசியோன்' தொகுப்பில் இருக்கிறது. அதில் மகள் இறந்த நாளுக்கு ஒரு பக்கம் முழுக்க வெறும் தேதி, கீழே புள்ளிகள். என்னைக் கேட்டால், கவிதையைவிட அந்தப் பக்கம்தான் அதிகம் கனக்கிறது.