வேனின் முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்துள்ளது. டயரை மாற்றினால் புஸ்பாகோம் சோதனையில் தேறுமா?

சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுவதாகவும், இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிவிட்டதாகவும், மலேசியாவின் வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனைத் தேதி நெருங்குவதால் அந்த ஒரு டயரை மாற்றினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. இதே வட்டாரத்தில் டயர்க் கடையில் வேலை செய்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். புது டயர் தேய்மானத்தை மறைக்கும். தேய வைத்த கோளாறு வண்டிக்கு அடியில் அப்படியே இருக்கும்.

வணிக வாகனங்களுக்கு 6 மாதத்திற்கு ஒருமுறை நடக்கும் இச்சோதனையில் டயரின் பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகளின் உயரமும் அதுவே; ரப்பர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் அங்கே பார்ப்பது டயரை மட்டுமன்று. வண்டியை ஒரு தட்டின் மீது நேராகவும் மெதுவாகவும் ஓட்டிச் செல்வார்கள். முன் சக்கரங்கள் நேராகப் பார்க்கவில்லை என்றால் அத்தட்டு பக்கவாட்டில் நகரும், எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கருவி பதிவு செய்துவிடும். டயர் புதியதா பழையதா என்பது அந்தத் தட்டுக்குத் தெரியாது. பிறகு வண்டியின் கீழ்ப்பகுதியையும் பார்ப்பார்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டும் ஆட்டம் கண்டிருந்தால் அங்கே தப்பாது.

ஆகவே பழைய டயரைக் கழற்றி எறிவதற்கு முன் அதை நன்றாகப் பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு விளிம்புகளும் ஒன்றாகத் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அதிர்வைத் தாங்கும் அப்சோர்பரையோ, சக்கரத்தின் எடைச் சமநிலையான பேலன்சிங்கையோ சந்தேகிக்க வேண்டும். உங்களுடையதைப் போல உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் கூராகவும் கைக்குப் பட்டால் சக்கரங்களின் முன்பக்கம் வெளிநோக்கி விரிந்திருக்கிறது, அதாவது டோ தவறியிருக்கிறது. இரு திசையிலும் வழுவழுப்பாகவே தேய்ந்திருந்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கேம்பர் என்போம். இரண்டும் சேர்ந்தே கெட்டிருப்பதும் உண்டு.

இடது டயர் முதலில் போவது நம் பக்கத்து வண்டிகளில் புதிதன்று. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தார் உடைந்த ஓரத்திலும், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மழைநீர் அரித்த பள்ளங்களிலும் முதலில் இறங்குவது இடது சக்கரம்தான். பிள்ளைகள் நிறைந்த வேன் ஒவ்வொரு நாளும் அப்படி இறங்கி ஏறும்போது சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயிண்டும் தளர்கின்றன. அவை தளர்ந்தபின் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோண அமைப்பு, நிற்காது.

இதனால்தான் வேலையின் வரிசை முக்கியமாகிறது. வண்டியைச் சமதரையில் ஜேக் வைத்துத் தூக்கி, வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்டையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட். புஷ்ஷை இப்படிக் கையால் ஆட்டிக் கண்டுபிடிப்பது கடினம்; வார்க்‌ஷாப்பில் கம்பி கொடுத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த பாகத்தை மாற்றி, டயர்களைப் போட்டு, ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுப்படி காற்றைச் சரிசெய்து, அதன்பின் அலைன்மென்ட் செய்ய வேண்டும். முதலில் அலைன்மென்ட் செய்துவிட்டுப் பிறகு பாகத்தை மாற்றினால் அந்தக் காசு வீண். செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தரக் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் நான் என் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

முன் டயர்களை இரண்டாகவே மாற்றுங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 2324 என்றிருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்.

தேய்ந்த டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுச் சமாளிக்கும்படி யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உள்விளிம்பில் ரப்பர் தீர்ந்தால் அடுத்து வெளிவருவது கம்பி. அந்த நிலையில் பின் டயர் வெடித்தால், ஸ்டீயரிங்கை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் வேனின் பின்பக்கம் விலகுவதை நிறுத்துவது மிகக் கடினம், உள்ளே இருப்பவர்கள் பிறர் வீட்டுப் பிள்ளைகள்.

சோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டு, வழக்கமான பாதையிலேயே வேனை ஓட்டிப் பாருங்கள். நேர் சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அச்சிட்ட தாளுடன் அதே கடைக்குத் திரும்பிச் சென்று மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.