வாசகர் கேள்வி-பதில்: நிலவுக்குப் போன எரிபொருள் கலம்

கேள்வி: அப்பல்லோ விண்கலங்களுக்கு எரிபொருள் கலங்களே மின்சாரம் தந்தன என்று எங்கள் பாடநூலில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அவற்றை உருவாக்கியவர் யார்? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: அடிப்படையைக் கண்டவர் வில்லியம் குரோவ். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் பெறலாம் என்பதை அவர் 1839-லேயே காட்டிவிட்டார். ஆனால் விலையுயர்ந்த பிளாட்டினம் தேவைப்பட்ட அந்தக் கலம் தந்த மின்னோட்டம் மிகவும் குறைவு. அதை வேலை செய்யும் இயந்திரமாக்கியவர் ஃபிரான்சிஸ் தாமஸ் பேகன் (1904-1992) என்ற ஆங்கிலேயப் பொறியாளர். பழைய தத்துவ ஞானி ஒருவருக்கும் இதே பெயர் என்பதால், நூலகத்தில் தேடும்போது முழுப் பெயரையும் பார்த்துத் தேடுங்கள்.

கேம்பிரிட்ஜில் இயந்திரப் பொறியியல் படித்த பேகன், நீராவிச் சுழலி செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபோது, 1932-ல் ஒரு பொறியியல் இதழில் குரோவின் கலத்தைப் பற்றிப் படித்தார். நிறுவனத்துக்கு அதில் நாட்டம் இல்லாததால் தாமாகவே சோதனைகளைத் தொடங்கினார். அது நிர்வாகத்துக்குத் தெரியவந்ததும், ஆய்வை விடுங்கள் அல்லது வேலையை விடுங்கள் என்றார்கள். 1940-ல் அவர் வேலையை விட்டார். நான் அவரை மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அவர் தேர்ந்தெடுத்த வழியில் ஒவ்வொரு முடிவும் அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. பிளாட்டினத்துக்குப் பதிலாக நிக்கலைப் பயன்படுத்த விரும்பினார். நிக்கல் அமிலத்தில் அரிக்கப்படும் என்பதால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசலை எடுத்துக்கொண்டார். நிக்கலின் வினையூக்கத் திறன் பிளாட்டினத்தைவிடக் குறைவு என்பதால் கலத்தைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருந்தது. அந்தச் சூட்டில் கரைசல் கொதித்துவிடாதிருக்க உயர் அழுத்தமும் தேவைப்பட்டது.

இவற்றையெல்லாம்விட நுட்பமானது, மின்வாயாகச் செயல்படும் நிக்கல் தகட்டின் நுண்துளைச் சிக்கல். வாயுவும் கரைசலும் நிக்கலும் சந்திக்கும் இடத்தில்தான் வினை நிகழ்கிறது. கரைசல் துளை முழுவதையும் நிரப்பிவிட்டால் வாயு உள்ளே வர முடியாது. வாயுவின் அழுத்தம் மிகுந்தால் அது கரைசலுக்குள் குமிழிட்டு வெளியேறிவிடும். பேகன் நிக்கல் தூளைச் சுட்டு, வாயுப் பக்கம் பெரிய துளைகளும் கரைசல் பக்கம் சிறிய துளைகளும் அமைந்த ஈரடுக்குத் தகட்டை உருவாக்கினார். சிறிய துளைகள் நுண்புழை விசையால் கரைசலைப் பிடித்து வைத்துக்கொள்ள, பெரிய துளைகளில் வாயு நின்றது; இரண்டும் சந்திக்கும் எல்லை அடுக்குகளின் சந்திப்பிலேயே நிலைத்தது. பிறகு ஆக்சிஜன் பக்கத்து மின்வாய் அரிக்கப்பட்டபோது, நிக்கலில் லித்தியம் சேர்த்து ஆக்சைடு படலம் உருவாக்கி அதையும் தீர்த்தார்கள். ஒரு கருவியின் வெற்றி எத்தனை சிறிய இடத்தில் தீர்மானிக்கப்படுகிறது என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

1959 ஆகஸ்டில், கேம்பிரிட்ஜில் 40 கலங்கள் சேர்ந்த அவரது மின்கலத் தொகுதி சுமார் 5 கிலோவாட் திறன் தந்து, வட்ட ரம்பத்தையும் பற்றவைப்புக் கருவியையும் சுமை தூக்கும் வண்டியையும் இயக்கியது. அவருடைய காப்புரிமைகளின் உரிமத்தைப் பெற்ற அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனம், கரைசலின் செறிவைக் கூட்டி அழுத்தத்தைப் பெரிதும் குறைத்து அப்பல்லோவுக்கான கலங்களைச் செய்தது. ஒவ்வொரு விண்கலத்திலும் அத்தகைய தொகுதிகள் மூன்று இருந்தன. வினையில் உண்டான நீரையே விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-ன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது மின்சாரத்துக்கும் நீருக்கும் ஒருசேரத் தட்டுப்பாடு வந்ததற்குக் காரணம், இரண்டும் அந்த ஆக்சிஜனையே நம்பியிருந்ததுதான்.

கேள்வி: இத்தனை நல்ல கலம் ஏன் நம் வாகனங்களுக்கு வரவில்லை? (வாசகர், சிவகாசி)

பதில்: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரக் கரைசலோடு சேர்ந்து அதைப் பொட்டாசியம் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது, நாளடைவில் கலத்தின் திறன் குறைகிறது. விண்கலத்தில் தூய ஆக்சிஜன் இருந்ததால் அந்தத் தொல்லை எழவில்லை. இன்று ஹைட்ரஜன் கார்களில் உள்ளது புரோட்டான் பரிமாற்றச் சவ்வுக் கலம் என்னும் வேறு வகை. அதில் பிளாட்டினம் மீண்டும் தேவைப்படுகிறது.

கேள்வி: பேகனுக்கு உரிய மரியாதை கிடைத்ததா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: கிடைத்தது, தாமதமாக. 1973-ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1991-ல், இறப்பதற்கு முந்திய ஆண்டு, எரிபொருள் கல ஆய்வுக்கான முதல் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் பதக்கத்துக்குச் சூட்டியிருந்த பெயர் குரோவ்.